ஒரே நேரம், இரு வேறு வீரர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையே ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய போட்டியே டிரையத்லான் எனப்படுவது. 1974-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் தோன்றிய இவ்விளையாட்டு, 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் பந்தயங்களுள் ஒன்றாயிற்று. ஒருவர் இதனை 2 மணி 40 நிமிடத்தில் முடித்தார் என்றால், அது நல்ல நேரமா? விடை சொல்வது அத்துணை எளிதன்று. ஏன் என்பதைச் சிறிது காண்போம்.

முதற்கண், போட்டியின் தூரம் ஒன்றல்ல. ஸ்பிரின்ட் வகையில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் வகையில் இவை ஒவ்வொன்றும் சரியாக இரு மடங்கு. முழுத்தூர வகையிலோ 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, அதன்பின் 42.2 கிலோமீட்டர் மராத்தான் ஓட்டம்! 1978-இல் ஹவாயில் முதன்முதலாக நடந்த முழுத்தூரப் போட்டியில் 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். வென்ற கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 வினாடி.

மொத்தத் தூரத்தைக் கொண்டு பெருக்கினால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். ஒலிம்பிக் வகை மொத்தம் 51.5 கிலோமீட்டர், முழுத்தூரம் 226 கிலோமீட்டர், அதாவது 4.39 மடங்கு. நார்வே வீரர் கிறிஸ்டியன் புளூமன்ஃபெல்ட் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1 மணி 45 நிமிடம் 4 வினாடியில் தங்கம் வென்றார். 2022 மே மாதம் அமெரிக்காவின் செயின்ட் ஜார்ஜ் நகரில் நடந்த முழுத்தூர உலகப் போட்டியில் 7 மணி 49 நிமிடம் 16 வினாடியில் வென்றார். நேரம் 4.47 மடங்கு. கணக்கு ஏறத்தாழப் பொருந்திவிட்டதே எனத் தோன்றும். ஆனால் ஒலிம்பிக்கில் மிதிவண்டி வீரர்கள் கூட்டமாகச் சென்று ஒருவர் பின்னால் ஒருவர் காற்றின் எதிர்ப்பைத் தவிர்க்கலாம். முழுத்தூரப் போட்டியில் இடைவெளி விட்டே ஓட்டவேண்டும். மேலும், முழுத்தூரத்தில் மிதிவண்டி 4.5 மடங்காகும்போது, நீச்சல் 2.53 மடங்கே ஆகிறது. நீச்சலை மிகுதியாகப் பெருக்கும் பிழையும், களைப்பைக் கணக்கில் கொள்ளாத பிழையும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன.

களைப்பைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்டது அது. இரு தூரங்களின் விகிதத்தை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, முன்னைய நேரத்தால் பெருக்க வேண்டும். அதன்படி தூரம் இரட்டித்தால் நேரம் 2 மடங்கன்று, சுமார் 2.08 மடங்காகும்.

இதனை ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே பயன்படுத்தினேன். ஒலிம்பிக் தூரத்திலிருந்து முழுத்தூரத்திற்கு நீச்சலின் பெருக்கெண் 2.68, மிதிவண்டிக்கு 4.92; ஓட்டத்திற்கு 4.60. இனி இரு வீரர்களைக் கற்பனை செய்வோம். 'அ' என்பவர் நீச்சலில் தேர்ந்தவர். 20, 85, 55 நிமிடங்கள். 'ஆ' என்பவர் நீச்சலில் மெதுவானவர். 40, 75, 45 நிமிடங்கள். இருவருக்கும் மொத்தம் 160 நிமிடங்களே! உடை மாற்றும் நேரத்தை விட்டுவிடுவோம். முழுத்தூரத்தில் 'அ'வுக்கு 12 மணி 5 நிமிடமும், 'ஆ'வுக்கு 11 மணி 23 நிமிடமும் ஆகும். வேறுபாடு 42 நிமிடங்கள். மொத்தத்தை மட்டும் 4.39 ஆல் பெருக்கினால் இருவருக்கும் 11 மணி 42 நிமிடம் எனவே வரும். இருவருக்கும் ஏறத்தாழ 20 நிமிடம் பிசகும்.

இச்சூத்திரமும் வேதவாக்கன்று. சுமார் மூன்றரை நிமிடம் முதல் 230 நிமிடம் வரையிலான முயற்சிகளுக்கே அது வகுக்கப்பட்டது. ஆறரை மணி நேரம் மிதிவண்டி ஓட்டியவன் அடுத்து ஓடும் மராத்தானை அது அறியாது. மேடும் வெயிலும் அலையும் அதில் இடம்பெறவில்லை. ஆகவே, ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே வயதுப் பிரிவில் ஓடியவர்களுள் நூற்றுக்கு எத்தனை பேரை ஒருவர் முந்தினார் என்று பார்ப்பதே நேர்மையான அளவு என்பது என் கருத்து. பொதுமக்கள் பங்கேற்கும் போட்டிகளில் ஐந்தைந்து ஆண்டுகளாக வயதுப் பிரிவுகள் வகுப்பதன் பயனும் இதுவே.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். என் மதிப்பெண்ணைச் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி கேட்பது, "எத்தனைக்கு எத்தனை?" என்பதுதான். ஒப்பீட்டுக் கணிதத்தின் முதற்பாடம் அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. எண் தனித்து நின்றால் பேசாது. எதனோடு ஒப்பிட்டோம் என்பதே அதற்கு வாய் தருகிறது.

முழுத்தூரப் போட்டிகள் பலவற்றில் கால எல்லை 17 மணி நேரம். வென்றவன் குளித்து, உண்டு, உறங்கிய பின்னும் இருளில் ஓடிக்கொண்டிருப்பவர் உண்டு. அவரை வென்றவனோடு ஒப்பிட்டால் கடைசி ஆள். சென்ற ஆண்டு பாதி வழியில் நின்றுவிட்ட தம்மோடு அவரே ஒப்பிட்டுக்கொண்டால் வெற்றியாளர். நண்பர்களே, அளவுகோலைத் தேர்ந்தெடுத்த பின்னரே அளக்கத் தொடங்குவோம்.