வாத்துக்கும் ஒரு வீடு

கொல்லையில் வாத்து வளர்க்க விரும்பும் நேயர் பலர், குளமில்லையே என்று தயங்குகின்றனர். குளம் அவசியமன்று, மூக்குவரை அலகு முழுகும் ஆழமுள்ள தொட்டி ஜலமே போதும். அவசியமானது இரவுக் கொட்டில் என்போம்.

குற்றாலத்தை அடுத்த அச்சன்புதூர் போன்ற மலையடி ஊர்களில், ஆனியில் தென்மேற்குச் சாரல்; ஐப்பசியில் வடகிழக்கு மழை. ஆதலின் ஈரமே பெரும் பகை. கொட்டிலை மேட்டில் அமைத்து, தரையில் உமி பரப்பி, நனைந்ததை உடனே அகற்றுதல் வேண்டும். வாத்து ஒன்றுக்கு உள்ளே 3 முதல் 4 சதுர அடியும், வெளியே உலவ 10 முதல் 15 சதுர அடியும் வேண்டும்.

கீரியும் மரநாயும் புகாதபடி நெருங்கிய கம்பிவலை இடுக. விடியற்குள் பெரும்பாலும் முட்டையிட்டுவிடுமாதலால், காலை 9 மணிக்குத் திறந்துவிடலாம். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடிய விஷம்.

நாம் அடைத்து வைக்கும் உயிருக்கு உலர்ந்த படுக்கையும் காவலும் அளிப்பது நமது கடமையே.