வளைவில் கிடைக்கும் வேகம்

விடுமுறைக்கு வந்த அக்கா மகன் நிண்டெண்டோ ஸ்விட்சை டிவியில் மாட்டிவிட்டு, இரண்டாவது கன்ட்ரோலரை என் கையில் திணித்தான். விளையாட்டின் பெயர் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்'. இருபது வருடமாக ஊருக்குள் பைக் ஓட்டுகிறவனுக்குப் பொம்மை வண்டி ஒரு பொருட்டா என்று உட்கார்ந்தேன். 12 பேர் ஓடும் பந்தயத்தில் 11-ஆவதாக வந்தேன். அடுத்ததில் 12. "மாமா, நீங்க ஆக்சிலரேட்டரை மட்டும் அமுக்கிட்டே இருக்கீங்க. வளைவுல ஒண்ணுமே பண்ண மாட்டேங்கிறீங்க" என்றான். அவன் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1992-இல் சூப்பர் ஃபாமிகாமில் தொடங்கிய வரிசை இது. டீலக்ஸ் வந்தது 2017 ஏப்ரலில். 24 பேர் ஓடும் 'மரியோ கார்ட் வேர்ல்ட்' 2025-இல் ஸ்விட்ச் 2-க்கு வந்துவிட்டது என்றாலும், பல வீடுகளில் இன்னும் ஓடுவது டீலக்ஸ்தான். இங்கே சொல்வதெல்லாம் அதற்கு.

முதல் வேலை, உங்கள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பது. சின்ன ஆன்டெனா ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் 'ஸ்மார்ட் ஸ்டியரிங்' இயங்குகிறது என்று அர்த்தம். பாதையை விட்டு வண்டி விலகாமல் அது இழுத்துப் பிடிக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு நல்ல ஏற்பாடு. மற்றவர்களுக்கு விலங்கு. புல்வெளியைக் குறுக்கே வெட்டிப் போகும் குறுக்குவழிகளில் நுழைய விடாது; கீழே சொல்லப்போகும் மிகப் பெரிய உந்தலையும் தராது. வண்டி தேர்ந்தெடுக்கும் திரையில் பிளஸ் பட்டனை அழுத்தினால் இதை அணைக்கலாம். அணைத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பள்ளத்தில் விழுவீர்கள். பரவாயில்லை.

இனி வளைவு. நேர்ப்பாதையில் எல்லோரும் ஏ பட்டனை அழுத்திக்கொண்டுதான் போகிறார்கள்; அங்கே பெரிய வித்தியாசம் வராது. வளைவில் ஸ்டிக்கை மட்டும் திருப்பினால் வண்டி திரும்பும், அவ்வளவுதான். ஸ்டிக்கைத் திருப்பும்போதே ஆர் பட்டனையும் அழுத்திப் பிடித்தால் வண்டி ஒரு துள்ளு துள்ளி, இறங்கும்போதே பக்கவாட்டில் சறுக்க ஆரம்பிக்கும். இதுதான் ட்ரிஃப்ட். ஏ, ஆர் இரண்டையும் விடாமல் பிடித்திருங்கள். சற்று நேரத்தில் சக்கரத்தடியில் நீலப் பொறி பறக்கும். அப்போது ஆரை விட்டால் வண்டி முன்னே ஒரு உந்து உந்தும். விடாமல் இன்னும் பிடித்திருந்தால் பொறி ஆரஞ்சாகும், உந்தல் கூடும். நீண்ட வளைவில் அதையும் தாண்டிப் பிடித்தால் ஊதா. ஆன்டெனா இருந்தால் கிடைக்காது என்றேனே, அது இந்த ஊதாதான்.

சறுக்கும்போது ஸ்டிக் சும்மா இருக்கக் கூடாது. உள்பக்கம் சாய்த்தால் வளைவு இறுகும், பொறியும் சீக்கிரம் ஏறும். வெளிப்பக்கம் சாய்த்தால் வண்டி அகலமாகப் போகும், பொறி மெதுவாக ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். எதிர்த்தாற்போல் சுவர் வந்துவிட்டால் நிறத்துக்கு ஆசைப்படாமல் நீலத்திலேயே விட்டுவிடுங்கள். ஊதாவுக்காகப் பிடித்துப் பிடித்து நான் முட்டிய சுவர்களுக்குக் கணக்கில்லை. இன்னொரு தவறும் செய்துகொண்டிருந்தேன்: வளைவு வந்த பிறகு ஆரை அழுத்துவது. அது தாமதம். பாதையின் வெளியோரத்தில் இருந்துகொண்டு, வளைவுக்குக் கொஞ்சம் முன்பே சறுக்க ஆரம்பித்தால் உள்ளோரத்தை உரசிக்கொண்டு வெளியே வரலாம்.

பழக நல்ல இடம் 'பேபி பார்க்'. மற்ற பல பாதைகளில் 3 சுற்று என்றால் இதில் 7. முட்டை வடிவம், இரண்டே பெரிய வளைவு, குட்டியான பாதை. பந்தயமாக ஓடினால் ஆமை ஓடும் வாழைத்தோலும் பறந்து ஒரே ரகளை. அதனால் 'டைம் டிரையல்' வகையில் ஓட்டுங்கள். யாரும் அடிக்க மாட்டார்கள். கையில் வேகம் கூட்டும் மூன்று காளான் மட்டும் இருக்கும். பத்துத் தடவை ஓட்டிவிட்டு எழுந்தால் கட்டைவிரல் வலிக்கும், ட்ரிஃப்ட் வந்திருக்கும்.

உந்தல் கிடைக்கும் வேறு இடங்களும் உண்டு. கிளம்பும்போது திரையில் 3, 2, 1 வரும். 2 தோன்றியதும் ஏ பட்டனை அழுத்திப் பிடித்தால் வண்டி பாய்ந்து கிளம்பும். 3-லேயே அழுத்தினால் நின்ற இடத்தில் திணறும். மேட்டின் விளிம்பைத் தாண்டும் நொடியில் ஆரைத் தட்டினால் வண்டி காற்றில் ஒரு கரணம் போடும், இறங்கும்போது வேகம் கூடும். முன்னால் போகிற வண்டியின் முதுகை ஒட்டிச் சற்று நேரம் ஓட்டினாலும் ஓர் இழுப்பு கிடைக்கும்.

பாதையில் கிடக்கும் காசுகளை அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு காசும் வண்டியின் உச்ச வேகத்தைச் சிறிது கூட்டுகிறது; 10 வரை சேர்க்கலாம். அடிபட்டால் 3 போய்விடும். ஆகவே முதல் சுற்றில் யாரை அடிக்கலாம் என்று தேடுவதைவிட, காசு பொறுக்குவது லாபம்.

பாதையில் இருக்கும் பெட்டியை இடித்தால் கிடைக்கும் ஆயுதங்களில் அதிர்ஷ்டம் இருக்கிறது, ஆனால் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. முன்னால் ஓடுகிறவருக்கு வாழைத்தோல், காசு, பச்சை ஓடு போன்ற சில்லறைகளே விழும். பின்தங்கியவருக்கு நட்சத்திரம், மின்னல், புல்லட் பில் போன்ற பெரிய ஆயுதங்கள் வரும். நாம் எட்டாவதாக இருக்கும்போது தலையில் கைவைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுதான் காரணம். முன்னணியில் இருக்கும்போது செய்ய வேண்டியது வேறு. எல் பட்டனை அழுத்திப் பிடித்தால் தோலோ ஓடோ வண்டிக்குப் பின்னால் தொங்கும். குறிபார்த்துத் துரத்தி வரும் சிவப்பு ஓடு அதில் மோதி நொறுங்கும். நமக்கு ஒன்றும் ஆகாது. கிடைத்ததை உடனே வீசிவிடுவதுதான் புதியவர் கை. எனக்கும் அந்தக் கைதான் இருந்தது. டீலக்ஸில் இரண்டு பொருள் வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஒன்றையாவது கேடயமாக வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் பட்டன் பின்னால் வருவதைக் காட்டும்.

முதலிடத்தைத் தேடி வரும் நீல ஓட்டை இந்தத் தோல் தடுக்காது. ஹாரன் கையில் இருந்தால் சரியான நேரத்தில் ஒலித்து உடைக்கலாம். இல்லையென்றால் பெரும்பாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஓட்டுக்குப் பயந்து வேண்டுமென்றே இரண்டாவதாக ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

வண்டி விஷயம்: பவுசர் மாதிரி கனமான பாத்திரங்களுக்கு உச்ச வேகம் அதிகம், ஆனால் அடிபட்டு நின்றால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும். புதியவர் அடிக்கடி நிற்பார். அதனால் யோஷி மாதிரி ஒருவரும், 'ரோலர்' எனும் சின்னச் சக்கரமும் எடுங்கள். ட்ரிஃப்ட் உந்தல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். திரையில் காட்டும் அளவுகோல்களில் அது இருக்காது, ஆனால் ரோலருக்கு அது நன்றாகவே உண்டு. வேகப் பிரிவில் ஆரம்பத்தில் 100 சிசி போதும். 200 சிசியில் வளைவுக்குள் பிரேக்கும் போடத் தெரிய வேண்டும், அது பிறகு.

ஒரு கோப்பைக்கு நான்கு பந்தயம். முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாவதுக்கு 12, மூன்றாவதுக்கு 10, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசி ஆளுக்கு 1. இரண்டு தடவை முதலாவதாகவும் இரண்டு தடவை எட்டாவதாகவும் வந்தால் மொத்தம் 40. நாலு தடவையும் மூன்றாவதாக வந்தாலும் அதே 40தான். போன ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்ததும் 40. அக்கா மகன் 57.