உஷார்! குணமாகிவிட்டது என்று ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்

பிள்ளைக்கு மரபணு சிகிச்சை முடித்து வீடு திரும்பிவிட்டீர்களா? இனிமேல்தான் செய்யலாமா என்று யோசிக்கிறீர்களா? ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நோய் போன பிறகு, அந்தச் சிகிச்சையாலேயே ரத்தப் புற்றுநோய் வரலாம். வந்திருக்கிறது, பலமுறை.

1999-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் அலென் ஃபிஷர் குழு, பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஆண் குழந்தைகளுக்கு இதைத் தொடங்கியது. சாதாரணச் சளியே உயிரை வாங்கிவிடும் நோய் அது. குழந்தையின் எலும்பு மஜ்ஜைச் செல்களை எடுத்து, வீரியம் போக்கிய வைரஸ் மூலம் நல்ல மரபணுவை அவற்றில் நுழைத்து, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். குழந்தைகள் தேறி வீட்டுக்கே போனார்கள். 2002-ல் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். சில மாதங்களில் இன்னொன்றுக்கு. பாரிஸில் நான்கு, இதே சிகிச்சை நடந்த லண்டனில் ஒன்று என ஐந்து குழந்தைகள். அதில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை.

என்ன நடந்தது? ஆடி மாதம் கோயிலுக்கென்று கட்டும் குழாய் ஸ்பீக்கர் பக்கத்துத் தெருக் குழந்தையையும் எழுப்பிவிடுகிறதல்லவா, அதுதான். வைரஸோடு போன 'புரோமோட்டர்' என்ற சுவிட்சு ரொம்ப பலமானது. அது எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ரத்த செல் பிஞ்சாக இருக்கும்போது மட்டும் தேவைப்படும் மரபணு அது. டி செல் என்ற வெள்ளணு முதிரும்போது அடங்கிவிட வேண்டும். அடங்க விடாமல் சுவிட்சு அதை முடுக்கிக்கொண்டே இருந்தது. செல் முதிராமல் பெருகியது. மேற்கொண்டு வேறு சில கோளாறுகளும் சேர, புற்றுநோய். எல்எம்ஓ2-வில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை என்பதைக் கவனியுங்கள். அளவு மீறியது, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற வேறொரு பிறவி நோய்க்கு இதே முறையில் சிகிச்சை பெற்ற 10 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது.

"அதெல்லாம் பழைய வைரஸ், இப்போது வருவது பாதுகாப்பானது" என்று யாராவது சொன்னால் அத்தோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். மூளையைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸ்கைசோனா என்ற மரபணு சிகிச்சை, புதிய வகை வைரஸில் செய்ததுதான். ஆனால் சுவிட்சு பலமானது. பரிசோதனையில் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததை 2024-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோரிடம் மீகாம் என்ற மரபணு தட்டி எழுப்பப்பட்டிருந்தது. ஒருவனுக்கு 14 மாதத்தில் தெரிந்தது, இன்னொருவனுக்கு ஏழு வருஷம் தாண்டி! 2025-ல் எண்ணிக்கை 10 ஆனது. பொருத்தமான மஜ்ஜைக் கொடையாளர் கிடைக்காதவர்களுக்கு மட்டும் என்று அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது.

சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பாரிஸ் குழந்தைகளில் பலர் இன்று இல்லை. நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலும் ஹீமோஃபீலியா என்ற ரத்தம் உறையாத நோய் உள்ள ஐந்து பேருக்கு இவ்வகைச் சிகிச்சை பலன் தந்திருக்கிறது. அங்கே எல்லாச் செல்லிலும் கத்தாமல், குறிப்பிட்ட சில வெள்ளணுக்களில் முக்கியமாக வேலை செய்யும் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வைரஸ் செல்லின் மரபணுவோடு நிரந்தரமாகச் சேருமா? சுவிட்சு எது? அது எங்கே போய் உட்கார்ந்தது என்று பின்னால் சோதிப்பீர்களா? எத்தனை வருஷம்? நிரந்தரமாகச் சேரும் வகைக்கு 15 வருஷக் கண்காணிப்பு வேண்டும் என்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

பிள்ளை வெளிறிப்போனாலோ, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்ந்தாலோ, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ரத்தம் பாருங்கள். புது டாக்டரிடம் போனால், மரபணு சிகிச்சை நடந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வீடு மாறினால், போன் நம்பர் மாறினால், சிகிச்சை தந்த மருத்துவமனைக்குத் தெரிவித்துவிடுங்கள். ஏழாவது வருஷம் அவர்கள் உங்களைத் தேட வேண்டியிருக்கும்.