பெட்டி சமமாக ஓட வேண்டுமா? டிராக்டர் கொக்கியை ஏற்றாதீர்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் டிராக்டருக்கு உழவு வேலை மழையை ஒட்டிய சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் அது பாரம் இழுக்கிறது: தண்ணீர் டேங்கர், சீமைக்கருவேல விறகு, கரி மூட்டை, கோடையில் கண்மாய் வண்டல். டிராக்டர் ஒரு கம்பெனி, டிரெய்லர் பெட்டி உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது. இரண்டையும் பூட்டினால் பெட்டி மூக்கைத் தூக்கிக்கொண்டோ குனிந்தோ நிற்பது சகஜம். குனிந்து நிற்கும் பெட்டியைச் சரிசெய்ய டிராக்டர் கொக்கியை ஏற்றி மாட்டுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பும். இரண்டு சக்கர டிரெய்லரும் அப்படித்தான். மூக்கு தூக்கினால் பாரம் பின்னே போகும். டிராக்டரின் பின்சக்கரத்தில் அழுத்தம் குறைந்து பிடிமானம் போகும், பெட்டி பக்கவாட்டில் ஆடும். மூக்கு அதிகம் குனிந்தால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் கைக்கு அடங்காது. பாரத்தோடு சேர்ந்த பெட்டி எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குவது நல்லது. நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கும். கொக்கிக்கு இழுவை மட்டுமே மிச்சம்.

உயரம் செய்யும் வேலை

2,000 கிலோ டிராக்டர்; முன்சக்கரத்தில் 800 கிலோ; இரு அச்சுகளுக்கும் இடைவெளி 1.9 மீட்டர், கொக்கி பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். 3,000 லிட்டர் தண்ணீரும் இரும்பும் சேர்ந்து 4 டன் டேங்கர். கொக்கியில் 400 கிலோ இறங்கினால் முன்பக்கம் சுமார் 125 கிலோ குறையும்.

இதே வண்டி கண்மாய்க் கரை ஏறுகிறது. ஐந்தடிக்கு ஓரடி ஏற்றமென்றால், சக்கரம் உருளும் தடையையும் சேர்த்து இழுவை ஏறக்குறைய 1,000 கிலோ. கொக்கி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் முன்பக்கம் இன்னும் 235 கிலோ குறைந்து 440 மிஞ்சும். 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் 395 குறைந்து 280தான் மிஞ்சும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 400 கிலோ, முன்சக்கரத்தில் நிற்க வேண்டும். ஏற்றத்தில் டிராக்டரின் சொந்த எடையும் பின்னே சாய்வதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் சேற்றில் பின்சக்கரம் சிக்கும்போது உயரமான கொக்கியின் விபரீதம் தெரியும். சக்கரம் சுழல வழியில்லாவிட்டால் எஞ்சினின் முறுக்குவிசை முன்பக்கத்தைத் தூக்கும். மேல் லிங்க்கிலோ பின் அச்சுக்கு மேலோ சங்கிலி கட்டி இழுத்தால், ஓட்டுநர் கிளட்ச்சை மிதிப்பதற்குள் டிராக்டர் மல்லாந்துவிடும்.

இரண்டு கீழ் லிங்க்குகளுக்கு நடுவே மாட்டும் துளைப்பட்டையும் டிரெய்லருக்குத் தோதல்ல. ஹைட்ராலிக் கைப்பிடி தட்டுப்பட்டால் கொக்கி தானாக மேலேறும். டிராக்டரோடு கம்பெனி தரும் கொக்கியோ டிராபாரோதான் சரியான இடம்.

சரிசெய்வது பெட்டிப் பக்கம்

சமமான சிமெண்டுக் களத்தில், வழக்கமான பாரத்தோடு, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு நிறுத்துங்கள். பெட்டித் தளத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் பெட்டியின் முன்சட்டத்தில் உள்ள வளையத்தைக் கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். உயர்ந்திருந்தால் வளையத்தை மேலே ஏற்ற வேண்டும். கனமான தகட்டில் வரிசையாகத் துளையிட்டு, வளையத்தை போல்ட் போட்டு மாட்டும்படி அமைத்தால் டிராக்டர் மாறினாலும் கவலையில்லை. வெல்டிங் என்றால் பாரவண்டி வேலை தெரிந்த பட்டறையில் கொடுங்கள்.

அடுத்தது பாரம் ஏற்றும் முறை. நீள விறகு பின்னால் துருத்தினால் பின்பாரம் கூடும். அடித்தூரை முன்பக்கம் வையுங்கள். டேங்கரை அரைகுறையாக நிரப்பாதீர்கள். ஓட்டத்தில் தண்ணீர் முன்னும் பின்னும் மோதி, போட்ட கணக்கைக் கலைத்துவிடும். உள்ளே தடுப்புத் தகடு இருந்தால் அந்த மோதல் குறையும்.

எடை மேடையில் பார்த்துவிடலாம்

பாரத்தோடு பூட்டிய வண்டியின் முன்சக்கரத்தை மட்டும் எடை மேடையில் ஏற்றுங்கள். முன்பக்கத்தில் நிற்கும் எடை தெரியும். ஐந்தில் ஒரு பங்குக்கு மிக அருகில் இருந்தாலே பாரத்தைக் குறையுங்கள், அல்லது முன்பக்க எடைக்கட்டி மாட்டுங்கள். ஏற்றத்தில் அது இன்னும் குறையும். பிறகு டிராக்டரை மட்டும் முழுதாக மேடையில் நிறுத்தி, பெட்டியோடு ஒருமுறையும் கழற்றிவிட்டு ஒருமுறையும் எடை போடுங்கள். வித்தியாசம்தான் கொக்கியில் இறங்கும் பாரம்.

கடைசியாக, கொக்கியில் பின்னுக்குப் பதில் கிடைத்த கம்பித்துண்டைச் செருகாதீர்கள். அளவான பின், அது கழலாமல் கிளிப், கூடவே ஒரு காப்புச் சங்கிலி. பழைய பெட்டி வாங்கப் போகும்போது டேப்போடு உங்கள் டிராக்டர் கொக்கியின் உயரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். வளையத்தை மாற்றும் செலவை விலையிலேயே பேசிக் கழித்துவிடலாம்.