வாரம் ஒரு ஜோடி பாசிக் கம்மல்: ஹாபியா, சைடு இன்கமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



சைடு இன்கம் பத்தி நாம போட்ட வீடியோவுக்குக் கீழ ஒரு தங்கச்சி கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். உத்தரகோசமங்கையில இருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ல வேலைக்குப் போறவங்க. கேள்வி இதுதான்: "வாரம் ஒரு ஜோடி பாசிக் கம்மல் செய்யணும்னு சேலஞ்ச் எடுத்திருக்கேன் அண்ணா. செய்யும்போது மனசு லேசாகுது. ஆனா பாசி வாங்கியே சம்பளம் கரையுது. வித்தா லாபம் வருமா, இல்ல நிறுத்திடவா?"

சுருக்கமான பதில்: நிறுத்த வேண்டாம். ஆனா இது ஹாபியா, வியாபாரமான்னு முதல்ல முடிவு பண்ணணும். ரெண்டுக்கும் கணக்கு வேற. அந்த ரெண்டு கணக்கையும் இன்னைக்குப் போட்டுப் பார்த்துடலாம். கம்மல் செய்யாதவங்களும் படிங்க. கேமரா, சைக்கிள், பேக்கிங், செடி வளர்ப்புன்னு எந்த ஹாபிக்கும் இதே கணக்குதான்.

சேலஞ்ச்னா என்ன, அது ஏன் வேலை செய்யுது?

2009-ல ஜேக் பார்க்கர்ங்கிற அமெரிக்க ஓவியர், அக்டோபர் மாசம் முழுக்க தினம் ஒரு மை ஓவியம் வரையணும்னு தனக்குத் தானே ஒரு விதி போட்டுக்கிட்டார். 'இங்க்டோபர்'ங்கிற பேர்ல அது உலகம் முழுக்கப் பரவிடுச்சு. கம்மல் சேலஞ்சும் அதே மாதிரிதான். நல்லா வருதோ இல்லையோ, குறிச்ச நாளுக்குள்ள ஒண்ணை முடிக்கணும். அவ்வளவுதான் விதி.

நம்ம பாஷையில சொன்னா, இது ஒரு ஆர்.டி. மாதிரி. தொகை சின்னது, தேதி மாறாது, பலன் சேர்ந்து வரும். முதல் ஜோடியில ஒரு கம்மல் நீளமாவும் இன்னொண்ணு குட்டையாவும் தொங்கும். இருபதாவது ஜோடிக்குள்ள கை பழகிடும்.

ஆனா பலர் மாட்டிக்கிறது ஒரே இடத்துலதான். செய்யுறதுக்கு விதி வைக்கிறாங்க, வாங்குறதுக்கு விதி வைக்கிறதில்ல. பாசி வாங்குறது சந்தோஷமான வேலை. பாக்கெட் சின்னது, விலையும் சின்னது, கலர் கண்ணைப் பறிக்குது. இன்ஸ்டாவுல ஒரு ரீல் பார்த்தா கார்ட்ல நாலு பாக்கெட் ஏறிடும். வாங்கினதையே செஞ்ச மாதிரி மனசு எடுத்துக்கும்.

ஒரு ஜோடியோட உண்மையான விலை

உதாரணக் கணக்கு ஒண்ணு போடுவோம். விலையெல்லாம் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். உங்க எண்ணை அதுல போட்டுக்கோங்க.

கருவிகள் (வளைக்கிற குறடு, தட்டைக் குறடு, கம்பி வெட்டி): ஒரே தடவை 600 ரூபாய்.
பாசி, கொக்கி, கம்பி, நூல்: மாசம் 300 ரூபாய், வருஷத்துக்கு 3,600 ரூபாய்.
மொத்தம்: 4,200 ரூபாய்.

52 வாரமும் முடிச்சா ஒரு ஜோடிக்கு சுமார் 81 ரூபாய்.

இப்ப இன்னொரு காட்சி. ஆர்வத்துல முதல் ரெண்டு மாசத்துலயே 3,000 ரூபாய்க்குப் பாசி வாங்கியாச்சு. கருவி 600. பத்து ஜோடி செஞ்சதும் ஆபீஸ்ல ஆடிட் வந்துடுச்சு, டப்பா பரண்ல ஏறிடுச்சு. 3,600-ஐப் பத்தால வகுங்க. ஒரு ஜோடி 360 ரூபாய்!

ரெண்டு பேரும் வாங்கினது ஒரே பாசிதான். விலையைக் கூட்டினது கடைக்காரர் இல்ல, முடிக்காம விட்ட ஜோடிகள். மொத்த விலைக் கடையைத் தேடி அலையுறதை விட, வாங்கி வச்சதை முடிக்கிறதுதான் பெரிய மிச்சம்.

அதனால மூணு விதி:

1. மாசச் செலவுக்கு ஒரு எண். சம்பளம் வந்த அன்னைக்கே அந்தத் தொகையைத் தனியா எடுத்து வச்சிடுங்க. தீர்ந்தா அடுத்த சம்பளம் வரைக்கும் கடைப்பக்கம் போகக் கூடாது.

2. நாலு ஜோடி முடிச்சாதான் புதுசா ஒரு கலர். அதுவரைக்கும் டப்பாவுல இருக்கிறதை வச்சே செய்யணும்.

3. ஒரு நோட்டு. தேதி, எத்தனை நிமிஷம் ஆச்சு, என்ன பொருள் போச்சு, செலவு எவ்வளவு. நாலே காலம். நிமிஷத்தைக் கட்டாயம் எழுதுங்க, கீழ அது தேவைப்படும்.

ஒரு வாரம் தவறினா அடுத்த வாரம் ரெண்டு செய்யாதீங்க. விட்டதை விட்டுட்டு இந்த வாரத்துக்கு வாங்க. கடனை அடைக்கிற மாதிரி ஆயிட்டா ஹாபி கசந்துடும்.

புது பாசி வாங்காம புது டிசைன்

'ஒரே கலரை வச்சு எத்தனை நாள் செய்யுறது?'ன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் தீம். தீமுக்குக் காசு கிடையாது, சுத்திப் பார்க்கக் கண்ணு போதும்.

உத்தரகோசமங்கையையே எடுத்துக்கோங்க. வருஷம் முழுக்க சந்தனக்காப்புல இருக்கிற மரகத நடராஜரை, மார்கழி ஆருத்ரா சமயத்துல மட்டும்தான் சந்தனம் களைஞ்சு பார்க்க முடியும். சந்தனக் கலர் பாசிக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிற ஒரே ஒரு பச்சைப் பாசி: ஒரு வாரத்துக்கான டிசைன் வந்தாச்சு. அடுத்த வாரம் உப்பளத்தோட வெள்ளை. அதுக்கடுத்த வாரம் 2023-ல புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் முண்டு மிளகாயோட அடர் சிவப்பு, குண்டு குண்டா. பாம்பன் பாலத்துக்கு நீலமும் சாம்பலும். பனை ஓலைக்கு இளம் மஞ்சள். ஆறு கலர் இருந்தா ஒரு வருஷத்தை ஓட்டிடலாம்.

பாசி வாங்கும்போது ஒரு விஷயம். சீட் பீட்ஸுக்கு நம்பர் ஏற ஏற அளவு சின்னதாகும். 11-ம் நம்பர் சுமார் 2 மில்லிமீட்டர். 8-ம் நம்பர் அதை விடப் பெருசு, புதுசா ஆரம்பிக்கிறவங்க கைக்கு அது சுலபம். ஜப்பான் பாசி எல்லாம் ஒரே அளவா இருக்கும், விலையும் ஜாஸ்தி. பழகுறதுக்கு நம்ம நாட்டுப் பாசியே போதும்.

பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் ஒண்ணு இருக்கு. அது கொக்கி. மலிவான கொக்கியில நிக்கல் கலந்திருந்தா சிலருக்குக் காது அரிக்கும், புண்ணாகும். காதுத் துளைக்குள்ள போற பாகத்தை மட்டும் நல்ல ஸ்டீல்லயோ வெள்ளியிலயோ வாங்குங்க.

கடற்கரைக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை: கரையில கிடக்குதேன்னு பவளப்பாறைத் துண்டை எடுத்துக் கம்மல்ல கோக்காதீங்க. பவளப்பாறைகளும் சில வகைச் சங்கு, சிப்பிகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ வருது. மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைச் சேர்த்து 1986-லயே கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சிட்டாங்க. 50 ரூபாய் கம்மலுக்காக வழக்குல மாட்டிக்க வேண்டாம்.

வித்தா என்ன கிடைக்கும்?

இப்ப ரெண்டாவது கணக்கு. ஒரு ஜோடியை 150 ரூபாய்க்கு விக்கிறீங்கன்னு வைப்போம்.

பாசி, கொக்கி: 35 ரூபாய்.
அட்டை, கவர்: 10 ரூபாய்.
கருவியோட பங்கு (600-ஐ 52-ஆல வகுத்தா): 12 ரூபாய்.
கையில நிக்கிறது: 93 ரூபாய்.

'அட, பாதிக்கு மேல லாபமா!'ன்னு தோணும். இப்ப நோட்டுல எழுதின நிமிஷத்தை எடுங்க. கோக்க ஒன்றரை மணி நேரம். போட்டோ எடுக்க, 'அக்கா, வேற கலர் இருக்கா?'ன்னு கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல, பேக் பண்ண அரை மணி நேரம். மொத்தம் 2 மணி நேரம். ஒரு மணிக்கு 46 ரூபாய் 50 காசு.

உங்க சம்பளம் 25,000 ரூபாய்னு வைப்போம். 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா 208 மணி. ஒரு மணிக்கு சுமார் 120 ரூபாய். கம்மல்லயும் அதே 120 வரணும்னா விலை 57 + 240, அதாவது கிட்டத்தட்ட 300 ரூபாய் வைக்கணும். ஆனா கோயில் திருவிழாக் கடையில மெஷின்ல செஞ்ச கம்மல் அதுல ஒரு சின்னப் பங்கு விலைக்குத் தொங்குது. அதோட விலையில போட்டி போட்டா நாம ஜெயிக்க முடியாது.

அப்ப எதுல ஜெயிக்க முடியும்? அதுக்கு நம்ம கடற்கரையோட கதையே பதில் சொல்லுது. வைகை கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல அழகன்குளம் இருக்கு. அங்க தொல்லியல் துறை பல கட்டமா தோண்டினப்ப ரோமானியக் காசு, மண்பாண்டத்தோட கண்ணாடி மணி, கல்மணியும் கிடைச்சுது. பாசி இந்தக் கரைக்குப் புதுசு இல்ல, ரெண்டாயிரம் வருஷப் பழைய சரக்கு. சங்கும் அப்படித்தான். ஒரு காலத்துல கொற்கை மாதிரி துறைமுகங்கள்ல இங்கயே சங்கை அறுத்து வளையல் செஞ்சாங்க. பின்னாடி மன்னார் வளைகுடாவுல குளிச்சு எடுத்த சங்கு, சங்காவே கப்பல் ஏறி வங்காளத்துக்குப் போச்சு. டாக்கா, கல்கத்தா பக்கத்துக் கைவினைஞர்கள் அதை அறுத்து, செதுக்கி, கல்யாணமான பெண்கள் போடுற வளையலா ஆக்கினாங்க. மூச்சடக்கி மூழ்கினவங்க இங்க. செதுக்கின கூலியும் அதுக்கு மேல வந்த விலையும் அங்க.

பாடம் இதுதான்: பொருளுக்கு விலை கம்மி, கைவேலைக்கும் அது சொல்ற அர்த்தத்துக்கும்தான் விலை. எங்கயும் கிடைக்கிற கலர் கம்மலுக்கு 300 யாரும் தர மாட்டாங்க. 'ஆருத்ரா கம்மல்'னு சந்தனத்துக்குள்ள பச்சை வச்ச ஒண்ணு, அல்லது தோழியோட கல்யாணப் புடவைக்கு மேட்ச் பண்ணிக் கேட்டுச் செஞ்ச ஒண்ணு, அந்த விலைக்குப் போக வாய்ப்பு இருக்கு.

மூணு வழி, ஒண்ணைத் தேர்ந்தெடுங்க

முதல் வழி, சுத்தமான ஹாபி. மாசம் 300 ரூபாய் செலவு. ஒரு தியேட்டர் டிக்கெட்டும் பாப்கார்னும் ஆகுற காசுல நாலு ஞாயித்துக்கிழமை நிம்மதி. இதுக்கு லாபக் கணக்கே தேவையில்ல. எல்லாத்தையும் காசாக்கணும்னு யாரும் சட்டம் போடல.

ரெண்டாவது, தன் செலவைத் தானே தாங்குற ஹாபி. மாசம் நாலு ஜோடியில ரெண்டை 150-க்கு வித்தா 300 திரும்ப வந்துடும். மீதி ரெண்டு உங்களுக்கும் அம்மாவுக்கும். சம்பளத்துல கை வைக்க வேண்டாம். கேள்வி கேட்ட தங்கச்சிக்கும் உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கும் இதைத்தான் நான் சொல்லுவேன்.

மூணாவது, வியாபாரம். இதுக்குள்ள போனா சேலஞ்ச் விதி செல்லாது. வாரம் ஒரு புது டிசைன் கிடையாது, ஓடுற டிசைனையே பத்துப் பத்தா செய்யணும். நேரம் பாதியாகும், ஆனா சலிப்பு வரும். இறங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க:

அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வேற வருமானம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. சில கம்பெனியில அனுமதி வாங்கணும்.

தொடர்ந்து வித்தா அது வியாபார வருமானம். சம்பளத்துக்கு மட்டும் போடுற ஐ.டி.ஆர்-1 செல்லாது. சின்ன வியாபாரத்துக்கு அனுமான வருமான முறையில ஐ.டி.ஆர்-4 போடலாம்.

தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விக்கிறவங்களுக்குப் பொதுவா வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாதான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். வெளி மாநிலத்துக்கு அனுப்பினாலோ ஆன்லைன் தளங்கள்ல வித்தாலோ விதி வேற. ஆரம்பிக்கும்போதே ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம, கிரெடிட் கார்டு பாக்கியை வச்சுக்கிட்டு, 'இது முதலீடு'ன்னு சொல்லிப் பாசி வாங்காதீங்க. டப்பாவுல இருக்கிற பாசிக்கு வட்டி வராது.

இந்த ஞாயித்துக்கிழமை செய்ய வேண்டியது

டப்பாவைத் தரையில கொட்டுங்க. இதுவரைக்கும் வாங்கின மொத்தத்தை யு.பி.ஐ. ஹிஸ்டரி பார்த்துக் கூட்டுங்க. முடிச்ச ஜோடியால வகுங்க. வர்ற எண்ணை நோட்டோட முதல் பக்கத்துல எழுதி, பக்கத்துலயே இன்னைக்குத் தேதியைப் போடுங்க. புதுசா எதுவும் வாங்காம நாலு வாரம் செஞ்சுட்டு மறுபடியும் வகுத்துப் பாருங்க. எண் இறங்கியிருக்கும்.

முதல் எண், நாலு வாரத்துக்கு அப்புறம் வந்த எண் ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க. கம்மல் இல்லாம வேற ஹாபின்னா அதோட கணக்கையும் போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து பார்ப்போம்.