பிசின் போகும் வழி

காற்றாலையின் நீண்ட இறக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை எவற்றால் ஆனவை, தெரியுமா? கண்ணாடி இழைத் துணிகளை அச்சில் அடுக்கடுக்காக விரித்து, அவற்றினூடே பிசினைச் செலுத்தி இறுக வைத்தே பெரும்பாலான இறக்கைகளை உருவாக்குகின்றனர். இழை வலிமை தருகிறது. பிசின் இழைகளைப் பிணைக்கிறது.

துணி அடுக்கின்மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பர். அப்போது வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தம் பிசினை உள்ளே தள்ளும். பிசின் எட்டாத இடம் உலர்ந்த திட்டாக நின்றுவிட்டால், இறக்கை சுழலும்போது விரிசல் அங்கே தொடங்கக்கூடும். இறுகிய பிசினையோ மீண்டும் இளக்க முடியாது. எனவே, அச்சில் ஊற்றுமுன் கணிப்பொறியில் ஊற்றிப் பார்க்கின்றனர்!

இதற்கு உதவும் விதி பழையது. மணல் வழியே நீர் செல்லும் வேகத்தை டீஜோன் நகரில் ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியியலார் ஹென்றி டார்சி, 1856-இல் அதனை வெளியிட்டார். அழுத்த வேறுபாடு மிகுந்தால் வேகம் மிகும். கடக்கும் தொலைவு நீண்டால் வேகம் குறையும். மணலுக்குப் பதில் இழை, நீருக்குப் பதில் பிசின் என்று கொள்ளுங்கள்.

மாறாத அழுத்தத்தில் பிசின் 1 மீட்டர் செல்ல 10 நிமிடம் ஆகுமெனில், 2 மீட்டர் செல்ல எவ்வளவு ஆகும்? 20 நிமிடம் அன்று, 40 நிமிடம்! நனைந்த பகுதி நீள நீளத் தடையும் வளர்வதே காரணம். அதற்குள் பிசின் இறுகத் தொடங்கலாம். பல இடங்களில் பிசினைச் செலுத்தினால் விரைவில் நிரம்பும். ஆனால், இரு பக்கப் பிசினும் சந்திக்கும் இடத்தில் காற்று சிறைப்படலாம்.

இந்தச் சிக்கலைத்தான் கணிப்பொறி ஆராய்கிறது. அச்சின் வடிவத்தை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள அழுத்தத்தைக் கணக்கிட்டு, அடுத்து நிரம்பும் கட்டம் எது என்று படிப்படியாகக் காண்கிறது. பிசினை எங்கே செலுத்துவது, காற்றை எங்கே உறிஞ்சுவது என்பது இவ்வாறு தெளிவாகிறது.

கணக்கு தவறுவதும் உண்டு. துணியின் ஓரத்தில் ஒரு சிறு இடுக்கு இருந்தால் போதும். பிசின் அவ்வழியே முந்தி ஓடி, நடுப்பகுதியைச் சுற்றி வளைத்துவிடும். சொல்லப்படாத இடுக்கைக் கணிப்பொறி அறியாது. ஆகவே, இடுக்கு இங்கிருந்தால் என்னாகும், அங்கிருந்தால் என்னாகும் என்று பலமுறை கணக்கிட்டு, பெரும்பாலான நிலைகளிலும் பிழைக்கும் திட்டத்தைத் தேர்கின்றனர். அதன் பிறகும், துணியை இடுக்கின்றி விரிக்க வேண்டியது தொழிலாளியின் கைதான்.