ஒரே வேலை செய்யும் கணிப்பொறி

கணிப்பொறி பல கலை கற்ற பணியாள் போன்றது. கடிதம் எழுதும், கணக்குப் போடும், பாட்டும் படமும் தரும். அத்தகைய பணியாளை, "இந்த ஒரு வேலையை மட்டும் செய், வேறு எதையும் தொடாதே" என்று கட்டுப்படுத்த முடியுமா? முடியும். அது ஏன், எப்படி என்பதைக் காண்போம்.

சந்தவாசலில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்ளத் தறியே போதும். ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் துளை உள்ள இடத்திற்குரிய பாவு இழை மட்டுமே மேலே எழும். ஆகவே யார் தறியில் அமர்ந்தாலும் அட்டையில் உள்ள பூதான் சேலையில் விழும். 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய முறை இது. இங்கே நெய்யும் உரிமை வேறு. அட்டையை மாற்றும் உரிமை வேறு.

கணிப்பொறியிலும் அவ்வாறே. நிர்வாகி கணக்கு எதையும் மாற்ற வல்லது. சாதாரணப் பயனர் கணக்குக்கு அந்த அதிகாரம் இல்லை. அந்தச் சாதாரணக் கணக்கை ஒரே ஒரு செயலியுடன் பிணைத்துவிட்டால், திறந்தவுடன் அந்தச் செயலி மட்டுமே தோன்றும். மின்சாரம் நின்று வந்தாலும் மீண்டும் அதுவே தோன்றும். விண்டோஸ் 11-இன் புரோ, எஜுகேஷன் பதிப்புகளில் இதற்குக் 'கியோஸ்க்' என்னும் ஏற்பாடு உண்டு; ஹோம் பதிப்பில் இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஒரு செயலியைத் திரையில் நிறுத்தி வைக்கும் வசதி 2014-இல் வந்தது. பாடம் பார்க்கத் தங்கையிடம் கைப்பேசியைத் தரும்போது அது உதவும்.

இதற்கு நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஏ.டி.எம். இந்தியாவில் முதல் ஏ.டி.எம். 1987-இல் மும்பையில் நிறுவப்பட்டது. இன்றைய ஏ.டி.எம்.மின் உள்ளே இருப்பதும் ஒரு கணிப்பொறியே. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவது வங்கியின் செயலி ஒன்றுதான்.

அப்படியானால் பூட்டு முழுமையாகிவிட்டதா? இல்லை. பூட்டைக் காப்பது கணிப்பொறியின் இயங்குதளம். திருடன் ஒருவன் யு.எஸ்.பி. துளையில் தன் கருவியைச் செருகி, வேறோர் இயங்குதளத்தால் கணிப்பொறியைத் தொடங்கினால், பூட்டைக் காக்க வேண்டிய காவலன் விழிக்கவே மாட்டான்! முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

பல ஏ.டி.எம்.கள் விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளத்தில் ஓடின. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆகவே 2018 ஜூனில் இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கெடு விதித்தது. கணிப்பொறி தொடங்கும் நிலையிலேயே கடவுச்சொல் வைப்பதும், யு.எஸ்.பி. துளைகளை முடக்குவதும் 2018 ஆகஸ்டுக்குள். அனுமதிப் பட்டியலில் உள்ள செயலிகள் மட்டுமே இயங்கும் ஏற்பாடு 2019 மார்ச்சுக்குள். பழைய இயங்குதளங்களை முற்றிலும் மாற்றுவது 2019 ஜூனுக்குள். பாட்டியின் ஓய்வூதியமும் தறிக்காரரின் கூலியும் இத்தகைய இயந்திரத்தின் வழியே வருவதால், இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று.

நூலகத்திலோ அலுவலகத்திலோ பொதுக் கணிப்பொறியை அமைப்போர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. பொதுமக்களுக்கெனத் தனிக் கணக்கு வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல் பொறுப்புள்ள ஒருவரிடமாவது இருக்க வேண்டும். இல்லையேல் பழுது வந்தால் திறக்க ஆளிராது. தேர்ந்தெடுத்த செயலியையும் சோதிக்க வேண்டும். முகவரிப் பட்டையுள்ள இணைய உலாவியைத் தந்தால், பெயருக்கு ஒரு செயலி. உண்மையில் உலகமே திறந்து கிடக்கும்.

இவ்வாறு கட்டுப்படுத்துவது மக்களை நம்பாமையா? பலர் பயன்படுத்தும் இயந்திரத்தில், நமக்கு முன் வந்தவர் எதையும் மாற்றிச் செல்லவில்லை என்ற உறுதியை நமக்குத் தருவதும் இந்தப் பூட்டுதான். ஆனால் கற்பதற்கென வைத்த கணிப்பொறிக்கு இது பொருந்தாது. தொட்டுப் பார்த்து, மாற்றிப் பார்த்துத்தானே கற்க முடியும்! பூட்ட வேண்டியது எது, திறந்து வைக்க வேண்டியது எது எனப் பகுத்தறிவதே அறிவு. அவ்வறிவைப் பெற நாம் அனைவரும் முயல்வோமாக!